வழங்கி இல்லாத அலுவலகமும் வழுவாத படியும்

(படப்பை வட்டாரச் சிற்றலுவலகத்தார்க்கான உரை)



குன்றத்தூரிற் பிறந்தவர் சேக்கிழார். அவ்வூரின் பெயரால் இன்று அமைந்துள்ள வட்டத்திலேயே படப்பையும் அடங்கியிருக்கின்றது. 12ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய பெரியபுராணத்தில் ஓர் ஓலை வழக்கு வருகின்றது. மணக்கோலத்தில் இருந்த ஆரூரரை நோக்கி, ‘நீ என் அடிமை’ என்று ஒரு முதியவர் வழக்கிட்டார். சான்றாக ஓர் ஓலையையும் காட்டினார். ஆரூரர் அதைப் பறித்துக் கிழித்தெறிந்தார். ஆயினும் வழக்கு முடியவில்லை. கிழிந்தது படியோலை, மூலவோலை முதியவரிடம் இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் அதை அவர் எடுத்து நீட்டினார். அவையினர் அதையும் அப்படியே நம்பிவிடவில்லை. ஆரூரரின் பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் எழுத்தை வருவித்து, இரண்டையும் அருகருகே வைத்து ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர்.

மூலம் வேறு, படி வேறு என்னும் தெளிவும், படியை ஒப்புநோக்கிய பின்பே ஏற்றல் வேண்டும் என்னும் ஒழுங்கும் தமிழர்க்குப் புதியன அல்ல என்பதற்கு இக்கதையே போதும். ஓலை தாளாயிற்று, தாள் இன்று மின்கோப்பாக மாறி வருகின்றது. ஆனால் ஒரு படிக்கு வேண்டிய இலக்கணம் மூன்றும் மாறவில்லை. அது உரியவர் கைக்குச் சேர வேண்டும். பிறர் கைக்குப் போகாதிருக்க வேண்டும். மூலத்தோடு பொருந்தி மெய்யாக இருக்க வேண்டும். படியெடுக்கும் பொறியிலிருந்து கணினிக்கு ஆவணத்தை அனுப்பும் முறையை இம் மூன்று அளவைகளாலும் நோக்குவதே இவ்வுரையின் பொருள்.

வண்டலூர் – வாலாசாபாத்துச் சாலையில் அமைந்த படப்பையின் நிலை கடந்த சில பத்தாண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. மேற்கே ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டில் இரெனோ–நிசான் மகிழுந்து ஆலையும், 2012ஆம் ஆண்டில் டெய்ம்லர் சரக்குந்து ஆலையும் திறக்கப்பட்டன. ஆலைகள் வந்தால் அவற்றைச் சூழ்ந்து சிறு பட்டறைகளும், ஊர்தி ஏற்பாட்டாளரும், கணக்கரும், ஆவணம் எழுதுவோரும், மனை விற்போரும் பெருகுவர். இத்தகைய அலுவலகம் ஒவ்வொன்றிலும் நான்கைந்து கணினிகளும் ஒரு படியெடுப்பியும் இருக்கும். அதன் கண்ணாடி மீது நாள்தோறும் வைக்கப்படுவன யாவை? நில ஆவணம், பட்டா, ஆதார் அட்டை, வங்கிக் கணக்கேடு, ஆலைக்கு அனுப்பும் விலைப்பட்டி. ஒரு குடும்பம் வாழ்நாளெல்லாம் சேர்த்த பொருள் அத்தாளில் இருக்கின்றது. எனவே, அத்தாளின் படி எங்கே போகின்றது என்பது சிறு செய்தி அன்று.

படியெடுப்பியின் பிறப்பும் ஓர் அலுவலகத் துன்பத்திலிருந்தே தோன்றியது. அமெரிக்காவில் காப்புரிமை அலுவலில் இருந்த செசுட்டர் கார்ல்சன், ஆவணங்களுக்குப் போதிய படிகள் கிடையாத தொல்லையைக் கண்டு, 1938ஆம் ஆண்டு அக்குதோபர் 22ஆம் நாள் நியூயார்க்கின் அசுட்டோரியா பகுதியில் முதல் உலர்படியை எடுத்தார். 1959ஆம் ஆண்டில் 914 என்னும் எண்ணிட்ட பொறி விற்பனைக்கு வந்தது. அம்முறைக்குப் பெயர் தேடியபோது அவர்கள் தொல்கிரேக்கத்தை நாடினர். உலர்வும் எழுத்தும் குறிக்கும் இரு சொற்களை இணைத்து உண்டாக்கிய பெயரிலிருந்தே இன்று மக்கள் வழங்கும் ‘செராக்சு’ பிறந்தது. தமிழர்க்கோ ‘படி’ என்னும் சொல் ஏட்டுச்சுவடிக் காலத்திலிருந்தே கையில் இருக்கின்றது. ‘சுகேனர்’ என்பதற்கு ‘வருடி’ என்று வழங்கும் சொல்லும் பொருத்தமானதே. வருடுதல் மெல்லத் தடவிச் செல்லுதல். கண்ணாடிக்கடியில் ஒளிக்கோடு ஒன்று தாளைத் தடவிச் செல்வதைக் கண்டவர்க்கு அச்சொல்லின் செம்மை விளங்கும்.

இனிச் செயலுக்கு வருவோர் முதலிற் கேட்கும் அச்சுறுத்தல் ஒன்றுண்டு. ‘வருடிய தாள் கணினிக்கு வரவேண்டுமானால் சர்வர் வாங்கவேண்டும்’ என்பது அது. சர்வர் எனப்படும் வழங்கி, வானத்திலிருந்து இறங்கிய தனிப்பிறவி அன்று. பிற கணினிகள் கேட்பதை வழங்கும் கணினி எதுவோ அதுவே வழங்கி. பொதுவான மேசைக்கணினி ஒன்றில் ஒரு கோப்புறையைப் பகிர்வுக்குத் திறந்துவிட்டால், அந்த அளவில் அதுவும் ஒரு வழங்கியே. விண்டோசு 10, விண்டோசு 11 ஆகியவற்றின் உரிமமே ஒரே நேரத்தில் 20 கருவிகள் வரை அவ்வாறு இணைய இடந்தருகின்றது. ஐந்து கணினி உள்ள அலுவலகத்துக்கு அது தாராளமாகப் போதும். நூறு பேர் பணிபுரியும் இடத்தில், யார் எதைக் காணலாம் என்பதை ஓரிடத்திலிருந்து ஆளுதற்கு வழங்கி வேண்டும், அதை மறுப்பாரில்லை. சிறிய கடைக்குப் பெரிய களஞ்சியம் வேண்டா என்பதே கருத்து.

முதல் அளவை: படி உரியவர் கைக்குச் சேர்தல். இதற்குச் செய்யவேண்டுவனவற்றை வரிசையாகக் காண்க.

படியெடுப்பியும் கணினிகளும் ஒரே திசைவியில், அஃதாவது மக்கள் ‘ரவுட்டர்’ என்னும் பெட்டியில், இணைந்திருத்தல் வேண்டும். படியெடுப்பியைக் கம்பியால் இணைப்பதே நலம். திசைவி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண்ணைத் தருகின்றது. ஆனால் அவ்வெண் நிலையானதன்று. இன்று 192.168.1.50 என்றிருந்த கணினி, சில நாள் கழித்து 192.168.1.57 ஆகிவிடலாம். ‘நேற்று வரை வந்தது, இன்று வரவில்லை’ என்னும் முறையீடுகளுக்குப் பெருங்கரணியம் இதுவே. வீட்டு எண் மாறிய பின்பு பழைய எண்ணுக்கு மடல் எழுதினால் எப்படிச் சேரும்? ஆகவே, திசைவியின் அமைப்புப் பக்கத்திற்குச் சென்று, படியெடுப்பிக்கும் கோப்பைப் பெறும் கணினிக்கும் மாறா எண்களை ஒதுக்கிவைக்க.

அடுத்து, பெறும் கணினியில் ஒரு கோப்புறையை அமைக்க. படியெடுப்பிகள் பலவற்றின் முகவரிப் பட்டியல் தமிழெழுத்தை ஏற்பதில்லை. ஆதலால் இக்கோப்புறையின் பெயரை மட்டும் இடைவெளியின்றி ஆங்கில எழுத்தில் இடுதல் இப்போதைக்கு நேரும். அதற்குள் வந்து சேர்ந்த கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் சூட்டலாம். 1991ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றுவிட்டது. விண்டோசும் தமிழ்ப் பெயரைத் தடையின்றி ஏற்கின்றது. புல எண், ஊர்ப்பெயர், ஆண்டு என்னும் ஒழுங்கிற் பெயரிட்டால் தேடுதல் எளிதாகும்.

பின்னர், படியெடுப்பிக்கென்றே அக்கணினியில் தனிப் பயனர் பெயர் ஒன்றை உண்டாக்கி, வலிய கடவுச்சொல் ஒன்றை இடுக. இங்கேதான் பலர் இடறுகின்றனர். நாள்தோறும் நான்கு இலக்கப் பின் எண்ணை இட்டுக் கணினியைத் திறப்பவர், அவ்வெண்ணையே படியெடுப்பியிலும் இடுகின்றார். அந்த எண் அக்கணினியின் முன்னே அமர்ந்திருப்பவர்க்கு மட்டும் உரியது. வலைவழி வருவோர்க்கு அது செல்லாது. கடவுச்சொல் இல்லாத கணக்கையும் விண்டோசு வலைவழி நுழையவிடாது. தனிக்கணக்கு ஒன்றை அமைத்தால் இவ்விரு சிக்கலும் நீங்கும். அலுவலர் ஒருவர் தம் கடவுச்சொல்லை மாற்றினாலும் படி வருவது நில்லாது.

கோப்புறைக்கு வாயில்கள் இரண்டு. ஒன்று பகிர்வுரிமை, மற்றொன்று கோப்புரிமை. முதல் வாயிலைத் திறந்துவிட்டு இரண்டாவதை மறப்போர் மிகப் பலர். இரண்டனுள் எது இறுக்கமானதோ அதுவே செல்லும். எனவே, அப் புதிய பயனர்க்கு இரண்டிலும் எழுதும் உரிமை தருக. அலுவலக வலையைத் ‘தனிவலை’ என்று குறித்து, கோப்புப் பகிர்வுக்குத் தீச்சுவரில் இசைவளிக்க.

இனி, கணினியின் உலாவியில் படியெடுப்பியின் முகவரி எண்ணை இட்டால் அப்பொறியின் அமைப்புப் பக்கம் திறக்கும். பொறியின் சிறு திரையில் ஒவ்வோர் எழுத்தாகக் குத்திக்கொண்டிராமல், இப்பக்கத்திலேயே முகவரிப் பட்டியலில் கணினியின் எண், கோப்புறைப் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகிய நான்கையும் எழுதி, ஒரு தாளை வருடிப் பார்க்க. வரவில்லையெனில், பெறும் கணினி உறக்கநிலையில் உள்ளதா என்று முதலிற் காண்க. உறங்கும் கணினி கதவு திறவாது. அலுவல் நேரத்தில் அது விழித்திருக்குமாறு அமைத்தல் வேண்டும். பொறியின் கடிகாரமும் நாளும் சரியாக உள்ளனவா என்றும் பார்க்க; அவை பெரிதும் பிழைத்திருந்தால் நுழைவு மறுக்கப்படுதல் உண்டு. இத்துணையே வேலை. பொறுமையுள்ளவர்க்கு ஒரு முற்பகல் போதும்.

இரண்டாம் அளவை: படி பிறர் கைக்குப் போகாமை.

படி வராதபோது சிலர் கைக்கொள்ளும் குறுக்குவழி கேடு விளைப்பது. ‘எல்லார்க்கும் முழு உரிமை’ என்று கோப்புறையைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விடுவர். கதவைக் கழற்றி வைத்துவிட்டுப் பூட்டுச் சிக்கல் தீர்ந்தது என்பதை இஃது ஒக்கும். வேறு சிலர், எசு.எம்.பி. எனப்படும் கோப்புப் பகிர்வு நெறியின் முதற்பதிப்பை மீண்டும் இயக்கிவிடுவர். பழைய படியெடுப்பிகள் பலவற்றுக்கு அப்பதிப்பு ஒன்றே தெரியும். ஆனால் 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் உலகெங்கும் பரவிய வான்னாக்கிரை என்னும் பணயத் தீநிரல், அம் முதற்பதிப்பின் ஓட்டை வழியாகவே கணினிக்குக் கணினி தாவியது. 150 நாடுகளுக்கு மேல் அது பரவிற்று. பிரித்தானிய மருத்துவமனைகள் பலவற்றின் பணி நின்றது. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் வந்த விண்டோசு 10 பதிப்பு முதலாக, புதிதாக நிறுவும் கணினிகளில் மைக்ரோசாப்டு அதைச் சேர்ப்பதை நிறுத்தியது. அதை மீட்டெடுத்து இயக்குவோர், அடைத்த ஓட்டையைத் தாமே தோண்டுவோர் ஆவர்.

2024ஆம் ஆண்டு அக்குதோபரில் வெளிவந்த விண்டோசு 11இன் 24 எச் 2 பதிப்பு, அதன் தொழில்முறைப் பிரிவில், மின்கையொப்பமில்லாத இணைப்பை இயல்பாக ஏற்பதில்லை. பெயரிலா விருந்தினர் நுழைவையும் மறுக்கின்றது. விண்டோசு 10க்குரிய பொதுவான காப்புதவியோ 2025ஆம் ஆண்டு அக்குதோபர் 14ஆம் நாளோடு நின்றுவிட்டது. ஆகவே, பலர் கணினியைப் புதுப்பித்தவுடன் படியெடுப்பி ஊமையாகிவிடுகின்றது. அப்போது செய்யவேண்டுவது காப்பைத் தளர்த்துவதன்று. பொறியை உருவாக்கிய நிறுவனம் புதிய உள்நிரல் வெளியிட்டுள்ளதா என்று பார்த்து அதை ஏற்றுவதே. அதுவும் இல்லையெனில், கணினியிலிருந்தே வருடியை இயக்கிப் படியைக் கேட்டுப் பெறலாம். அல்லது பொறியிற் செருகிய விரலியில் சேமித்து எடுத்துச் செல்லலாம். கால் நிமிடம் கூடுதலாகும். கதவு பூட்டியே இருக்கும்.

மின்னஞ்சல் வழியும் உண்டு. ஆனால் ஐந்து முழத்தொலைவில் உள்ள மேசைக்குச் செல்லவேண்டிய நில ஆவணம், கடல் கடந்த கணினிகளைச் சுற்றிவந்து சேர்வது அவ்வழியில்தான். மேலும், கூகுள் நிறுவனம் 2022ஆம் ஆண்டு மே திங்களோடு தனியாள் கணக்குகளில் வெறுங் கடவுச்சொல்லால் பிற கருவிகள் நுழைவதைத் தடுத்துவிட்டது. இருபடிச் சரிபார்ப்பை அமைத்து, கருவிக்கெனத் தனிக் கடவுச்சொல் பெறுதல் வேண்டும். வெளியூர்க்கு அனுப்ப மின்னஞ்சல் நன்று; அடுத்த மேசைக்கு அது வேண்டா. திசைவியில் 445ஆம் வாயிலை வெளியுலகுக்குத் திறந்துவிடுவதோ எந்நிலையிலும் கூடாது. படியெடுப்பியோடு வந்த முதற் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றிவிடுக. ஒரே வகைப் பொறிகள் பலவற்றுக்கு அஃது ஒன்றாகவே இருந்து எல்லார்க்கும் தெரிந்திருக்கும்.

பலர் அறியாத இன்னொன்றும் உண்டு. பெரிய படியெடுப்பிகள் பலவற்றின் உள்ளே வன்தட்டு உள்ளது. வருடிய ஆவணங்களின் உருக்கள் அதில் தங்கிவிடக்கூடும். அமெரிக்காவில் அஃபினிட்டி என்னும் நலக்காப்பீட்டு அமைப்பு, வாடகைக்கு எடுத்த படியெடுப்பிகளின் தட்டைத் துடைக்காமல் திருப்பித் தந்தது. அவற்றுள் ஒன்றை ஒரு செய்தி நிறுவனம் விலைக்கு வாங்கிப் பார்த்தபோது நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகள் உள்ளே இருந்தன. 2013ஆம் ஆண்டில் அவ்வமைப்பு 12,15,780 தாலர் செலுத்தி அவ்வழக்கைத் தீர்த்துக்கொள்ள நேர்ந்தது. வாடகைப் பொறியும் கைம்மாறிய பழம்பொறியும் இப்பகுதியில் மிகுதி. ஆகவே, பொறியைத் திருப்பித் தரும் முன்பு தட்டைத் துடைக்கும் கட்டளையை இயக்கி, வழங்குவாரிடம் எழுத்தில் உறுதி பெறுக.

மூன்றாம் அளவை: படி மெய்யாக இருத்தல்.

பொறி பொய் சொல்லாது என்பது பொதுநம்பிக்கை. அந்நம்பிக்கையை 2013ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் செருமனியைச் சேர்ந்த தாவீது கிரீசல் என்னும் கணினியறிஞர் உடைத்தார். ஒரு கட்டட வரைபடத்தைச் செராக்சு நிறுவனத்தின் பொறியில் வருடியபோது, மூன்று அறைகளின் பரப்பளவும் 14.13 சதுரமீட்டர் என்றே படியில் வந்திருந்தது. மூலத்திலோ அவை 14.13, 21.11, 17.42 என்று வெவ்வேறாக இருந்தன. கோப்பின் அளவைச் சுருக்கும்பொருட்டு அப்பொறி கையாண்ட முறையே கரணியம். தாளில் ஒன்றுபோல் தோன்றும் சிறு துண்டுகளை ஒரே துண்டாகக் கருதி, ஒன்றின் உருவையே எல்லா இடத்திலும் ஒட்டிவிடும் முறை அது. அதனால் 6 என்பது 8 ஆகவும் மாறிற்று. எழுத்து மங்கியிருந்தால் ஐயம் தோன்றும். இங்கோ தவறான எண் தெளிவாக அச்சிட்டாற்போல் நின்றது. அந்நிறுவனம் பின்னர்த் திருத்திய மென்பொருளை வெளியிட்டது.

படப்பையில் ஒரு மனையின் புல எண்ணில் 6 என்பது 8 ஆனால் என்னாகும்? ஒருவர் நிலம் மற்றொருவர் பெயரோடு பிணையும். வங்கியில் கடன் நிற்கும். ஆண்டுக்கணக்கில் வழக்கு நடக்கும். ஆகவே, ஆவணங்களை அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் வருடுக. கோப்பு சிறிதாக வேண்டும் என்பதற்காக மிகச்சுருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுக்காதீர். கருப்பு வெள்ளையினும் சாம்பல்நிற வருடலே பழைய ஆவணத்துக்கு ஏற்றது. மங்கிய மையும் முத்திரையும் அதில் அழியா. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்களை மூலத்தோடு ஒப்புநோக்கிய பின்பே கோப்பை அனுப்புக. திருவெண்ணெய்நல்லூர் அவையினர் செய்ததும் அதுவே.

தோழர்களே! இவற்றுள் எதுவும் பெரும்பொருட் செலவு வேண்டுவதன்று. அரிய கல்வி வேண்டுவதும் அன்று. பின் ஏன் ஒவ்வொரு முறையும் பொறிவினைஞர் வரும்வரை அலுவலகமே கைகட்டி நிற்கின்றது? பொறியின் திரையில் உள்ள சொற்கள் அங்குப் பணிபுரிவோர்க்கு விளங்காமையே பெரிதும் கரணியம். வந்தவர் என்ன செய்தார் என்பதும் விளங்குவதில்லை. அவர் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனாலும் தெரிவதில்லை. அறியாமைக்கு ஒவ்வொரு முறையும் கட்டணம் செலுத்துவதோடு, காப்பையும் இழக்க நேர்கின்றது.

இதற்கு மருந்து அலுவலகத்தார் கையிலேயே உள்ளது. விண்டோசின் முகப்பைத் தமிழுக்கு மாற்றும் ஏந்து அதிலேயே இருக்கின்றது. படியெடுப்பியின் திரை தமிழ் பேசாவிடினும், அதன்மேல் ஒட்டும் தாள் தமிழ் பேசலாம். எந்தப் பொத்தான் எதற்கு, எந்தப் பெயரை அழுத்தினால் யார் கணினிக்குப் படி செல்லும், இரு கருவிகளின் முகவரி எண்கள் யாவை, படி வராவிடில் எதை முதலிற் பார்ப்பது என்பவற்றை ஒரே தாளில் எழுதி ஒட்டுக. கடவுச்சொல்லை மட்டும் அத்தாளில் எழுதாமல் பூட்டிய இடத்தில் வைக்க. சொல் கிட்டாதபோது, செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககம் நடத்தும் சொற்குவையை நாடலாம். 1974ஆம் ஆண்டில் பாவாணரை இயக்குநராகக் கொண்டு தொடங்கியது அவ்வியக்ககம். அங்கும் கிட்டாவிடில், ‘இப்பொத்தானை அழுத்தினால் இது நடக்கும்’ என்று எளிய தமிழில் எழுதினாலே போதும். புதிதாக வேலைக்கு வந்த இளைஞனும் முதல் நாளிலேயே பொறியை ஆள்வான்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. வழங்கி இல்லாத அலுவலகத்தில் படிகள் எல்லாம் ஒரே கணினியில் குவியும். அது பழுதானால் அனைத்தும் போம். எனவே, கிழமைக்கு ஒருமுறையேனும் தனித்தட்டு ஒன்றில் மறுபடி எடுத்து, அத்தட்டைக் கணினியிலிருந்து கழற்றிப் பூட்டி வைக்க. இணைத்தே வைத்திருந்தால் பணயத் தீநிரல் அதையும் விழுங்கும். மூலவோலை தனியிடத்தில் இருந்தமையால்தான் அம் முதியவரின் வழக்கு நின்றது.

தம் பெட்டியின் திறவுகோலைப் பிறர் கையிற் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது உழைக்கும் மக்களுக்கு அழகன்று. நாளைக் காலையில் படியெடுப்பியின் முகவரிப் பட்டியலைத் திறந்து, யார் யாருக்கு எங்கெங்கே படி செல்கின்றது என்று பார்க்க. அதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுக. ஒரு புல எண்ணை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க. தொடக்கத்துக்கு அவை மூன்றும் போதும்.